அணுக்கள் சரி, மின்சுமை எங்கே?

கேள்வி: என் மகள் பிளஸ் 1 படிக்கிறாள். சில்வர் நைட்ரேட் கரைசலில் காப்பர் கம்பியைப் போட்டால் நடக்கும் வினைக்கு நிகர அயனிச் சமன்பாடு (வினையில் மாறும் துகள்களை மட்டும் காட்டுவது) எழுதினாள். அணுக்கள் சமமாக இருந்தும் மதிப்பெண் இல்லை (விடைத்தாள் இணைத்திருக்கிறேன்). டியூஷனில் 200 சமன்பாடுகள் கொண்ட தொகுப்பைக் காசு கொடுத்து வாங்கி மனப்பாடம் செய்யச் சொல்கிறார்கள். வாங்கலாமா?
– வாசகர், பென்னாகரம்

பதில்: வாங்காதீர்கள். தவறு ஒன்றுதான், ஒரு மாலைப் பொழுதில் திருத்திவிடலாம்.

ஒரு காப்பர் அணுவும் ஒரு சில்வர் அயனியும் சேர்ந்து, ஒரு காப்பர் அயனியும் ஒரு சில்வர் அணுவும் வருவதாக எழுதியிருக்கிறாள். மின்சுமையைக் கூட்டிப் பாருங்கள். இடப்பக்கம் நேர் 1, வலப்பக்கம் நேர் 2. காப்பர் இழப்பது 2 எலக்ட்ரான், ஒரு சில்வர் அயனி ஏற்பது ஒன்றுதான். ஆகவே 2 சில்வர் அயனிகள் வேண்டும். 2 சில்வர் அணுக்கள் கம்பியில் படியும். நைட்ரேட் இரு பக்கமும் மாறாமல் நிற்பதால் அடித்துவிடலாம்.

கரைந்து முழுமையாக அயனிகளாவதை மட்டுமே பிரித்து எழுத வேண்டும். திண்மம், வாயு, நீர் ஆகியவற்றைப் பிரிக்கக் கூடாது.

பிள்ளைகள் வழுக்கி விழும் இடம் வினிகர். நம் பக்கத்து போர்வெல் தண்ணீரைக் காய்ச்சக் காய்ச்சப் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிவது பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஊற்றினால் இடப்பக்கம் கார்பனேட்டுடன் 2 ஹைட்ரஜன் அயனிகள் எழுதுவோம், குளோரைடு அடிபட்டுவிடும். வினிகரிலும் அப்படியே எழுதினால் தவறு. அதிலுள்ள அசிட்டிக் அமிலத்தில் நூற்றில் ஒரு மூலக்கூறுகூட அயனியாவதில்லை. எனவே 2 அசிட்டிக் அமில மூலக்கூறுகளை முழுதாக எழுத வேண்டும். வலப்பக்கம் ஒரு கால்சியம் அயனி, 2 அசிட்டேட் அயனிகள், நீர், கார்பன் டை ஆக்சைடு. அடிக்க எதுவுமே இல்லை! மின்சுமை இரு பக்கமும் பூஜ்யம். நான் புரட்டிய கைடு ஒன்று இதையும் ஹைட்ரஜன் அயனி என்றே அச்சிட்டிருந்தது. அதைத்தான் பிள்ளைகள் உருப்போடுகிறார்கள்.

இத்தகைய தொகுப்புகளில் பெரும்பாலானவை பாடநூலிலிருந்து எடுத்தவை. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு அந்தப் பாடநூல் விலையில்லாமலே கிடைக்கிறது. குளோரைடு கரைசலில் சில்வர் நைட்ரேட்டைச் சொட்டவிட்டு, தயிர்போலத் திரளும் வெண்ணிற வீழ்படிவை ஒருமுறை கண்ணால் பார்த்த பிள்ளைக்கு மனப்பாடம் எதற்கு? பார்க்க விடுவதில்லை என்பதே என் ஆற்றாமை. பிளஸ் 1 பாடத்தை ஓட்டமாக ஓட்டிவிட்டு, சோதனைக் குழாயைத் தொடாமலே ரெக்கார்டு நோட்டை நிரப்ப வைக்கும் பள்ளிகளை என்னவென்று சொல்வது?

பேரியம் குளோரைடுக்கும் சோடியம் சல்பேட்டுக்கும் சமன்பாடு எழுதி, மின்சுமையையும் கூட்டி அனுப்பச் சொல்லுங்கள். திருத்தித் தருகிறேன்.