பழைய டெலிபோனுக்கு எவ்வளவு கேட்கலாம்?

கேள்வி: தாத்தா வைத்திருந்த கறுப்பு டெலிபோன் ஒன்று என்னிடம் இருக்கிறது. விரலை விட்டுச் சுழற்றும் டயல், துணி சுற்றிய ஒயர், நல்ல கனம். பார்க்க வந்த வியாபாரி ஒரு தொகை சொன்னார். இணையத்தில் தேடினால் இதே மாதிரி போனுக்கு அதைப்போல ஏழெட்டு மடங்கு போட்டிருக்கிறார்கள். எதுதான் நியாயமான விலை?

பதில்: இரண்டையும் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். வியாபாரி தன் லாபத்தையும், விற்கும்வரை பணம் முடங்கிக் கிடப்பதையும் கணக்குப் போட்டுத்தான் கேட்பார், அதில் தப்பு இல்லை. இணையத்தில் நீங்கள் பார்த்ததோ விற்கிறவர் ஆசைப்படுகிற விலை, அந்த போன் வருடக்கணக்கில் விற்காமலே கிடக்கலாம். ஏலத் தளங்களில் விற்று முடிந்தவற்றை மட்டும் தனியாகப் பார்க்கும் வசதி இருக்கும், அங்கே தேடுங்கள். ஒன்றிரண்டு போதாது, பத்துப் பதினைந்தாவது பார்த்து, மிகப் பெரிய தொகையையும் மிகச் சின்னதையும் தள்ளிவிட்டால் நடுவில் பல போன்கள் ஏறக்குறைய ஒரே விலைக்குப் போயிருப்பது தெரியும். பேச்சை அந்த இடத்திலிருந்து ஆரம்பியுங்கள்.

அதற்கு முன்னால் உங்களிடம் இருப்பது எந்த மாடல் என்று தெரிய வேண்டும். கவிழ்த்து அடிப்பக்கத்தைப் பாருங்கள். அமெரிக்கக் கம்பெனியான வெஸ்டர்ன் எலக்ட்ரிக் செய்த போனாக இருந்தால் மாடல் எண்ணும் மாதமும் வருடமும் பெரும்பாலும் அங்கேயே அச்சாகியிருக்கும், உள்ளே மணி, டயல், பேசும் பக்கத்து மைக் என்று ஒவ்வொன்றிலும்கூட தேதி இருக்கும். எல்லாத் தேதிகளும் சில மாத இடைவெளிக்குள் வந்தால் அது பாகம் மாற்றாத போன், சேகரிப்பவர்கள் அதற்காகவே கூடுதலாகக் கொடுப்பார்கள்.

வயதை மட்டும் வைத்து விலை சொல்கிறவர்களை நான் நம்புவதில்லை. ஹென்றி டிரேஃபஸ் வடிவமைத்த வெஸ்டர்ன் எலக்ட்ரிக் மாடல் 500, 1950 வாக்கில் வந்தது, எழுபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஆனாலும் கோடிக்கணக்கில் செய்துவிட்டதால் கறுப்பு போனுக்குப் பெரிய விலை கிடைப்பதில்லை. நிறம்தான் விலையைத் தூக்கும். பிரிட்டிஷ் தபால் துறையின் 332 என்ற மாடல் கறுப்பில் நிறைய கிடைக்கிறது, அதே போன் பச்சையிலோ சிவப்பிலோ இருந்தால் கதையே வேறு. அதனால்தான் கறுப்பு போனுக்குப் பெயிண்ட் அடித்து விற்கிறவர்களும் இருக்கிறார்கள். மூடியைக் கழற்றி உள்பக்கம் பாருங்கள், அசல் என்றால் அங்கேயும் அதே நிறம்தான் இருக்கும்.

அப்புறம் விரிசல். இந்த மாதிரிப் பழைய போன்கள் பலவற்றின் கூடு பேக்கலைட் என்ற பழங்கால பிளாஸ்டிக். கெட்டியான பொருள், ஆனால் கீழே விழுந்தால் தாங்காது. ரிசீவரின் கைப்பிடி, திருகு ஓட்டைகள், மூலைகள் எல்லாவற்றையும் டார்ச் அடித்து இரண்டு பக்கமும் பாருங்கள். மயிரிழை விரிசல் ஒன்று இருந்தாலும், விரிசல் இல்லாத போனின் விலையில் பாதி கிடைத்தால் பேசாமல் கொடுத்துவிடலாம் என்பது என் கருத்து. வெயிலில் மங்கிப்போன மேற்பரப்பு அவ்வளவு பெரிய குறை இல்லை, மெதுவாகத் தேய்த்தால் ஓரளவு பளபளப்பு திரும்பும்.

கேள்வி: வேலை செய்ய வைத்து விற்றால் அதிகம் கிடைக்குமா?

பதில்: கிடைக்கும், ஆனால் ரிப்பேர் செலவு திரும்பி வரும் அளவுக்குக் கிடைக்குமா என்று முதலில் பாருங்கள். இன்றைய இணைப்புகள் பல, சுழற்றும் டயல் ஒவ்வொரு எண்ணுக்கும் அனுப்பும் மின் துடிப்புகளை ஏற்பதில்லை, அவற்றை இன்றைய முறைக்கு மாற்றித் தரும் கருவி ஒன்று நடுவில் வேண்டியிருக்கும். டயலை நீங்களே சோதிக்கலாம். நொடிக்குப் பத்துத் துடிப்பு என்பதுதான் கணக்கு, பூஜ்யத்துக்குப் பத்துத் துடிப்பு போகும், ஆகவே பூஜ்யத்தைச் சுழற்றி விட்டால் டயல் தடங்கல் இல்லாமல் சுமார் ஒரு நொடியில் திரும்பி வர வேண்டும். வழியில் திணறினால் பெரும்பாலும் அழுக்குதான், சுத்தம் செய்தால் சரியாகிவிடும். பெயிண்ட் மட்டும் அடிக்காதீர்கள். துணி ஒயரை மாற்றியே ஆக வேண்டும் என்றால் பழையதைத் தூக்கிப் போடாமல் போனோடு சேர்த்துக் கொடுங்கள், வாங்குகிறவர் கேட்பார்.

கேள்வி: மெழுகுவர்த்தித் தண்டு மாதிரி நிமிர்ந்து நிற்கும், மேலே பேசும் மைக்கும் பக்கத்தில் தொங்கும் ரிசீவரும் உள்ள பித்தளை ‘மெழுகுவர்த்தி போன்’ ஒன்றைப் பழையது என்று பெரிய விலை சொல்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: இந்த வகையில் நகல்கள் மிக அதிகம், அவசரப்படாதீர்கள். டயல் துளைகளுக்குள் அழுத்தும் பொத்தான் இருந்தால் நகல், அதற்கு மேல் பார்க்கவே வேண்டாம். பொத்தான் இல்லை என்றால் மணி எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். பழைய மெழுகுவர்த்தி போன்களுக்கு மணி தனிப் பெட்டியில், சுவரில் மாட்டும்படி வரும், அடித்தட்டுக்குள்ளிருந்தே மணி அடித்தால் அது பிற்காலத்துச் சரக்கு என்றே எடுத்துக்கொள்ளலாம். அசலில் தண்டிலோ ரிசீவரிலோ தயாரிப்பாளர் பெயரும் காப்புரிமைத் தேதிகளும் பெரும்பாலும் பொறித்திருக்கும். அசல்தான் என்று உறுதியானாலும் மணிப்பெட்டி கூட வருகிறதா என்று கேட்டுவிட்டு விலை பேசுங்கள், அதைத் தனியாகத் தேடி வாங்கினால் நல்ல செலவு.