பத்தாம் பக்கத்தில் மூடிவைத்த புத்தகம்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

பதினான்கு வருடமாக ஒரு சின்ன வாசகர் வட்டத்தை நடத்தி வருகிறேன். மாதம் ஒரு புத்தகம் படிப்போம். ஒரு மாதம் வட்டார நாவல் என்றால் அடுத்த மாதம் வரலாறு, தன்வரலாறு, அறிவியல் என்று கட்டுரை நூல் ஏதாவது இருக்கும். பேராசிரியர்கள் யாரும் வருவதில்லை. தையல் வேலை செய்கிறவர், வங்கியில் ஓய்வு பெற்றவர், கல்லூரிப் பிள்ளைகள், வீட்டு வேலையை முடித்துவிட்டு ஓடி வருகிற பெண்கள், இவர்கள்தான் ஆட்கள். ஒரு புத்தகம் இவர்களுக்கு ஏன் பிடிக்கிறது, எதனால் பாதியில் மூடிவைக்கிறார்கள் என்று கேட்டுக் கேட்டு நான் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே சொல்கிறேன்.

கேள்வி: அக்கா, கரிசல் பக்கத்து நாவல் ஒன்றை மூன்று தடவை ஆரம்பித்துவிட்டேன், பத்தாம் பக்கத்தைத் தாண்ட முடியவில்லை. நான் வளர்ந்ததெல்லாம் நகரத்தில். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படிக்கலாமா?

முதல் தடவை வேண்டாம். வாய்விட்டுப் படியுங்கள், அது போதும். பேச்சுத் தமிழை அச்சில் பார்க்கும்போது கண்ணுக்குப் பழக்கமில்லாததால்தான் தடுக்கிறது, அதே வரியைச் சத்தமாகச் சொன்னால் பாதிக்கு மேல் விளங்கிவிடும். மீதியைக் கதையே சொல்லிக் கொடுக்கும். எங்கள் வட்டத்தில் கன்னியாகுமரிப் பக்கத்து நாவல் ஒன்றைப் படித்தபோது, வீட்டுக்கு வந்தவர் 'கொஞ்சம் வெள்ளம் தாங்க' என்று கேட்கிற இடத்தில் ஒரு தம்பி திகைத்துப்போனான், அவனுக்கு வெள்ளம் என்றால் மழைக்காலத்து வெள்ளம்தான். அடுத்த வரியில் வந்தவர் செம்பை வாங்கிக் குடித்துவிட்டு வாயைத் துடைக்கிறார். சரி, தண்ணீர்தான் என்று அவனே பிடித்துக்கொண்டான். அப்படிப் பிடித்துக்கொண்ட சொல் மறக்காது.

முப்பது பக்கம் வரை பொறுமையாக இருங்கள். அதற்குள் இருபது முப்பது சொற்கள் திரும்பத் திரும்ப வந்து பழகிவிடும், பேச்சின் ஓட்டமும் காதில் ஏறிவிடும். அதன் பிறகும் ஒன்றும் ஒட்டவில்லை என்றால் அந்தப் புத்தகத்தை வைத்துவிட்டு வேறொன்றை எடுங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பாத்திரங்கள் மட்டும் ஊர்ப்பேச்சில் பேச, கதை சொல்கிற குரல் பொதுத்தமிழில் இருக்கிற நாவல்கள் நிறைய உண்டு. தொடங்குவதற்கு அவைதான் நல்லது. கதைசொல்லியே ஊர்ப்பேச்சில் பேசுகிற நாவலுக்கு அப்புறம் போகலாம்.

அகராதியைத் தனியாகப் படிக்கலாம், அது வேறு சுகம். கி. ராஜநாராயணன் தொகுத்த கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதி 1982இல் வந்தது, பெருமாள்முருகனின் கொங்கு வட்டாரச் சொல்லகராதி 2000இல். இரண்டுமே எழுத்தாளர்கள் தங்கள் மண்ணுக்காக உட்கார்ந்து செய்த வேலை. ஒரு நாவலை முடித்த கையோடு புரட்டிப் பாருங்கள், படித்த கதை திரும்பவும் கண்முன் வரும்.

கேள்வி: நான் ஈரோட்டுக்காரன். எங்கள் பக்கத்துக் கதை என்று ஆசையாக வாங்கினால் வரிக்கு வரி 'ஏனுங்க', 'சரிங்க' என்று போட்டு வைத்திருக்கிறார்கள். எங்கள் ஊரில் யாரும் இப்படிப் பேசுவதில்லை. எனக்கு மட்டும்தான் எரிச்சலா?

இல்லை. வட்டார நூல்களை ரொம்பக் கடுமையாக மதிப்பிடுகிறவர்கள் அந்த வட்டாரத்துக்காரர்கள்தான், அவர்களுக்கு அந்த உரிமை இருக்கிறது. 'ங்க' சேர்ப்பது எளிது, வெளியூர்க்காரரும் இரண்டு நாளில் கற்றுக்கொள்வார். ஆனால் மாலை நேரத்தைப் 'பொழுதோட' என்று சொல்வது, அம்மாவின் அப்பாவை 'அப்புச்சி' என்று கூப்பிடுவது, யாரிடம் 'ங்க' போடுவார்கள், கோபம் வந்தால் யாரிடம் விட்டுவிடுவார்கள் என்பதெல்லாம் அங்கே வாழ்ந்தவருக்கோ, பல வருடம் கூர்ந்து கேட்டவருக்கோதான் வரும்.

உங்கள் கொங்குப் பக்கத்துக் கதைதான் ஆர். சண்முகசுந்தரத்தின் நாகம்மாள், 1942இல் வந்த நாவல். கணவனை இழந்த பெண் குடும்ப நிலத்தில் தன் பங்கைக் கேட்கிறாள், அதுதான் கதை. அதைப் படித்த எங்கள் வட்டத்துப் பெண்கள் பேச்சுவழக்கைப் பற்றிப் பேசவே இல்லை. பங்கு கேட்டதைப் பற்றித்தான் இரண்டு மணி நேரம் பேசினார்கள், ஒருவர் தன் வீட்டு வழக்கையே சொல்லிவிட்டார். உங்களுக்கு எரிச்சல் தருகிற புத்தகத்தில் சொல்ல விஷயம் குறைவாக இருந்திருக்கும், அந்த இடத்தை 'ஏனுங்க' வைத்து நிரப்பியிருப்பார்கள்.

கேள்வி: வணக்கம் அக்கா, நான் யாழ்ப்பாணம். எங்கட நாவல்களைத் தமிழ்நாட்டுச் சிநேகிதிகளுக்குக் கொடுத்தால் 'அடிக்குறிப்பு போடக்கூடாதா' என்று கேட்கிறார்கள். போடத்தான் வேணுமா?

எல்லாச் சொல்லுக்கும் வேண்டாம், சில சொற்களுக்குக் கட்டாயம் வேண்டும். பகிடி (கேலி), கெதி (வேகம்), பெடியன் (பையன்) போன்ற சொற்களை முதன்முதலாகப் பார்க்கிற வாசகர் நின்று யோசிப்பார், இரண்டு மூன்று இடத்தில் பார்த்ததும் புரிந்துவிடும். சிக்கல் அவருக்குத் தெரிந்த சொற்களில்தான் வருகிறது. உங்கள் பக்கத்தில் 'ஆறுதலாக வாங்கோ' என்றால் அவசரமில்லாமல் வாருங்கள் என்று அர்த்தம். இங்கே ஆறுதல் என்றால் துக்கத்தைத் தேற்றுவது. எங்கள் வட்டத்தில் ஒருவர் அந்த வீட்டில் யாரோ இறந்துவிட்டார்கள் என்றே நினைத்துக்கொண்டு இரண்டு அத்தியாயம் படித்திருக்கிறார்! தெரியாத சொல்லில் வாசகர் நின்றுவிடுவார். தெரிந்த சொல் வேறு பொருளில் வந்தால் நிற்காமல் போய்விடுவார், தப்பாகப் புரிந்துகொண்டதுகூட அவருக்குத் தெரியாது. அந்த மாதிரிச் சொற்களுக்கு மட்டும் நூலின் கடைசியில் ஒரு பட்டியல் போடச் சொல்லுங்கள். பட்டியல் இருக்கிறது என்று முதல் பக்கத்திலேயே சொல்ல வேண்டும், நிறையப் பேர் நாவலை முடித்த பிறகுதான் அதைப் பார்க்கிறார்கள்.

கேள்வி: என் மாமியார் நன்றாகப் படிப்பவர். வட்டார நாவல்களில் வசைச்சொற்கள் வருகிறதே என்று அவருக்குக் கொடுக்கப் பயமாக இருக்கிறது.

அவரிடமே கேட்டுவிடுங்கள். வயதானவர்களைப் பற்றி நாம் தேவைக்கு மேல் பயப்படுகிறோம். எங்கள் வட்டத்தில் அறுபதைத் தாண்டியவர்கள் வசைக்காக ஒரு புத்தகத்தையும் ஒதுக்கியதில்லை, 'தெருக்குழாயில் கேட்காததையா எழுதிவிட்டார்' என்பார்கள். ஆனால் ஒரு நாவலைப் படித்துவிட்டு ஒரு அம்மா மனம் கசந்து பேசினார். அதில் ஒரு சாதிக்காரர்கள் வாயில் மட்டும் எப்போதும் கெட்ட வார்த்தை, மற்றவர்கள் எல்லாம் நாகரிகமாகப் பேசுகிறார்கள். அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. கோபத்தில் ஒருவர் திட்டுவது கதைக்குள் இருக்கிறது. ஒரு கூட்டத்தையே திட்டுகிறவர்களாகக் காட்டுவது எழுதுகிறவரின் பார்வையில் இருக்கிறது, சாதாரண வாசகர் அதைக் கண்டுபிடித்துவிடுவார்.

கேள்வி: அணிந்துரை, வாழ்த்துரை, மதிப்புரை, என்னுரை என்று முப்பது பக்கம் போகிறது. படிக்க வேண்டுமா?

நூலை முடித்துவிட்டுப் படியுங்கள். பாதி அணிந்துரைகள் கதையின் முடிவைச் சொல்லிவிடுகின்றன. கட்டுரை நூலில் மட்டும் ஆசிரியரின் என்னுரையை முதலில் படியுங்கள், எங்கெங்கே போய், யாரையெல்லாம் பார்த்து எழுதினார் என்பது அதில் இருக்கும்.

கேள்வி: எங்கள் ஊர் வரலாறு என்று ஒரு நூல் வாங்கினேன். 'இரண்டாயிரம் ஆண்டுப் பழமை' என்று பக்கத்துக்குப் பக்கம் இருக்கிறது, ஆதாரம் ஒன்றும் இல்லை. எதை நம்புவது? இப்படிச் சந்தேகப்படுவது ஊருக்குத் துரோகமா?

துரோகம் இல்லை சார், ஊர் மேல் உள்ள அக்கறைதான். உள்ளூர் வரலாறு என்றால் எங்கள் ஆட்களுக்குக் கொள்ளை ஆசை, அந்த ஆசையை ஏமாற்றுகிற நூல்கள் மேல்தான் கோபமும் அதிகம்.

நான் இப்படிப் பார்ப்பேன். 'கல்வெட்டு கூறுகிறது' என்று இருந்தால் எந்தக் கோயில், எந்தச் சுவர், எந்தத் தொகுதி, என்ன எண் என்று தேடுவேன். தென்னிந்தியக் கல்வெட்டுகள் என்ற வரிசையில் முதல் தொகுதி 1890இல் அச்சானது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள் அதன் இரண்டாம் தொகுதியில் இருக்கின்றன. எண்ணைக் கொடுத்துவிட்டால் யார் வேண்டுமானாலும் எடுத்துச் சரிபார்க்கலாம். கொடுக்காவிட்டால் ஆசிரியர் அதை நேரில் பார்த்தாரா, யாரோ எழுதியதைப் பார்த்து எழுதினாரா என்பதுகூட நமக்குத் தெரியாது.

வாய்மொழிச் செய்தியைக் குறைவாக நினைக்காதீர்கள். ஏரி எப்போது உடைந்தது, பஞ்சத்தில் யார் கஞ்சி ஊற்றினார்கள் என்பதெல்லாம் பல ஊர்களில் பெரியவர்கள் நினைவில் மட்டும்தான் இருக்கிறது. சொன்னவர் யார், அவருக்கு என்ன வயது, தானே பார்த்ததா, கேள்விப்பட்டதா என்று எழுதியிருந்தால் போதும், நான் மதித்துப் படிப்பேன். 'முன்னோர் கூறுவர்' என்று மட்டும் இருந்தால் அதைக் கதை என்று வைத்துக்கொள்வேன். ஒரே ஊர்ப்பெயருக்கு இரண்டு விளக்கம் கொடுத்துவிட்டு, எனக்கு இதுதான் பொருத்தமாகப் படுகிறது என்று காரணத்தோடு சொல்கிறாரா பாருங்கள். அப்படிச் சொல்கிற ஆசிரியரை மற்ற இடங்களிலும் நம்பலாம்.

கேள்வி: கட்டுரை நூலெல்லாம் இலக்கியம் ஆகுமா? நண்பர்கள் நாவல்தான் உசத்தி என்கிறார்கள்.

தமிழுக்கு சாகித்திய அகாதெமி பரிசு முதன்முதலாக 1955இல் கொடுக்கப்பட்டது ரா.பி. சேதுப்பிள்ளையின் தமிழ் இன்பம் என்ற கட்டுரை நூலுக்குத்தான். 2024இல் ஆ.இரா. வேங்கடாசலபதி 1908ஆம் ஆண்டுத் திருநெல்வேலி எழுச்சியைப் பற்றியும் வ.உ.சி.யைப் பற்றியும் எழுதிய ஆய்வு நூலுக்குக் கிடைத்தது. நண்பர்களிடம் சொல்லுங்கள்.

கேள்வி: அப்பாவுக்கு 74 வயது. கதை பிடிக்காது. பத்திரிகைத் தொடர்களைத் தொகுத்த நூல் ஒன்று வாங்கிக் கொடுத்தேன், பாதியில் வைத்துவிட்டார். வேறு என்ன கொடுக்கலாம்?

தொகுப்பு நூல்களை எங்கள் ஆட்களும் அப்படித்தான் வைத்துவிடுகிறார்கள். வாரம் ஒரு தடவை படித்தபோது தெரியாதது, சேர்த்துப் படிக்கும்போது தெரிகிறது. ஒரே சம்பவம் நான்கு கட்டுரையில் வருகிறது. 'சென்ற வாரம் நடந்த கூட்டத்தில்' என்று தொடங்குகிறது, அது எந்த வருடத்து வாரம் என்று எங்கும் இல்லை. ஒவ்வொரு கட்டுரைக்கும் கீழே தேதி போட ஒரு வரி போதும், அதைச் செய்யாத பதிப்பாளர்கள் மேல் எனக்கு உண்மையாகவே வருத்தம் உண்டு.

தொடராக வந்ததால் மட்டும் கெட்டுப்போவதும் இல்லை. உ.வே. சாமிநாதையரின் என் சரித்திரம் 1940இலிருந்து ஆனந்த விகடனில் தொடராக வந்ததுதான், 1942இல் அவர் காலமானதால் முடியாமல் நின்றது. சின்னச் சின்ன அத்தியாயங்கள், எங்கே எடுத்தாலும் படிக்கலாம். ஆசிரியரைத் தேடி அலைந்தது, ஏட்டுச்சுவடி தேடி ஊர் ஊராகப் போனது என்று எல்லாம் நடந்த கதை, அப்பாவுக்குப் பிடிக்கும். பல பதிப்பகங்கள் போட்டிருக்கின்றன, கையில் எடுத்து எழுத்தின் அளவைப் பார்த்து வாங்குங்கள். விரித்து வைத்தால் தானாக மூடிக்கொள்கிற கட்டு வேண்டாம். நிறையப் பெரியவர்கள் படிப்பை நிறுத்துவது ஆர்வம் போய் இல்லை, பொடி எழுத்தோடு மல்லுக்கட்ட முடியாமல்தான்.

கேள்வி: மொழிபெயர்ப்பு அறிவியல் நூல்கள் ஏன் தலையில் ஏறுவதில்லை?

வாக்கியம் தமிழாக இல்லாததால். 'படுகிறது', 'படுகிறது' என்று முடிந்துகொண்டே போகும், யார் என்ன செய்தார்கள் என்று தெரியாது. ஒரு கலைச்சொல் மூன்றாம் அத்தியாயத்தில் ஒரு மாதிரியும் ஏழாம் அத்தியாயத்தில் வேறு மாதிரியும் வரும். கடையில் நடுப்பக்கத்தைத் திறந்து ஒரு பத்தி படியுங்கள், மூடிவிட்டு அதைப் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லிப் பாருங்கள். சொல்ல வந்தால் வாங்குங்கள்.

கேள்வி: நான் ஒரு மீனவக் கிராமத்துப் பெண். எங்கள் ஊரைப் பற்றி எழுதத் தொடங்கியிருக்கிறேன். நாவலா கட்டுரையா என்றே தெரியவில்லை. படிக்கிறவர்கள் எதை விரும்புவார்கள்?

தங்கச்சி, இந்தக் கேள்வி வந்ததில் எனக்கு அவ்வளவு சந்தோஷம். நாவலா கட்டுரையா என்று இப்போதே முடிவு செய்யாதீர்கள். முதலில் வேலையை எழுதுங்கள். வலையை எப்படிப் பின்னுகிறார்கள், காற்றுக்கு என்னென்ன பேர் வைத்திருக்கிறீர்கள், கடலுக்குப் போனவர் வரத் தாமதமானால் வீட்டில் என்ன செய்வார்கள். உங்களுக்குத் தினமும் பார்த்துச் சலித்ததாக இருக்கும், மலையோரத்தில் உட்கார்ந்து படிக்கிறவருக்கு அது முழுக்கப் புதிது. எங்கள் ஆட்கள் எந்த வட்டார நூலைப் பேசினாலும் கடைசியில் வேலை நடக்கிற பக்கங்களைத்தான் ஞாபகமாகச் சொல்வார்கள்.

உங்கள் சொற்களை மாற்றாதீர்கள். யாராவது 'புரியாது' என்று சொன்னால் ஒரு தரம் யோசித்துப் பார்த்துவிட்டு அப்படியே விடுங்கள். பாத்திரங்களோ உறவுக்காரர்களோ பதினைந்துக்கு மேல் போனால் முன்பக்கத்தில் ஒரு குடும்ப மரம் போட்டுவிடுங்கள். எங்கள் வட்டத்தில் பாதிப்பேர் பெரிய நாவல்களின் முதல் வெற்றுத்தாளில் பென்சிலால் தாங்களே போட்டுக்கொள்கிறார்கள். ஊரின் வரைபடம் ஒன்றும் இருக்கட்டும், கையால் வரைந்தாலும் போதும்.

அப்புறம், ஊரில் மூத்த பாட்டி யாராவது இருந்தால் இந்த வாரமே போய் உட்காருங்கள். அவர் சொல்வதை அவர் வார்த்தையிலேயே பதிவு செய்து, தேதியையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பத்துப் பக்கம் சேர்ந்ததும் எனக்கு அனுப்புங்கள், எங்கள் வட்டத்தில் சத்தமாகப் படித்துவிட்டு எங்கே கேட்டார்கள், எங்கே கவனம் சிதறியது என்று குறித்து அனுப்புகிறேன்.