பழைய ஆயில் வெல்டிங் மிஷினை விட்டு இன்வெர்ட்டர் வெல்டிங் மிஷினுக்கு மாறலாமா?

வாசகர் கேள்வி: தாராபுரம் பக்கம் கிரில், கேட் பட்டறை வைத்திருக்கிறேன். பல வருடமாக ஆயில் கூலிங் டிரான்ஸ்ஃபார்மர் மிஷின்தான். பெரும்பாலும் 16 கேஜ் ஸ்கொயர் பைப், ஃபிளாட், ஆங்கிள் வேலை. சாயங்காலம் வோல்டேஜ் இறங்கினால் வெல்டிங் ராடு இரும்பில் ஒட்டிக்கொள்கிறது. பைப்பில் அடிக்கடி ஓட்டை விழுகிறது. இன்வெர்ட்டர் வாங்கினால் இரண்டும் தீருமா? கரண்ட் பில் பாதியாகும் என்கிறார்களே, உண்மையா? பெட்டி மேல் ஹாட் ஸ்டார்ட், ஆர்க் ஃபோர்ஸ், வி.ஆர்.டி என்று எழுதியிருப்பதெல்லாம் எங்களுக்குத் தேவையா?

பதில்: மாறலாம். ராடு ஒட்டுவது பெருமளவு தீரும். ஓட்டை விழுவதில் பாதிதான் மிஷினால் தீரும், மீதி செட்டிங்கிலும் கையிலும் இருக்கிறது. பில் பாதியாகாது. பழைய மிஷினை மட்டும் எடைக்குப் போட்டுவிடாதீர்கள், காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் சாயங்காலத் தொல்லை. ஹோல்டரில் ராடு சும்மா இருக்கும்போது உள்ள வோல்டேஜைத் திறந்த சுற்று வோல்டேஜ் என்பார்கள். உங்கள் மிஷினில் அது 50 வோல்ட் என்று வைத்துக்கொள்வோம். லைன் 230 இருக்கும்போது வரும் கணக்கு அது. மோட்டார்களெல்லாம் ஓடி லைன் 180-க்கு இறங்கினால், டிரான்ஸ்ஃபார்மர் அதே விகிதத்தில் 39 வோல்ட்தான் தரும். அந்த வோல்டேஜில் ஆர்க், அதாவது ராடு நுனிக்கும் இரும்புக்கும் நடுவே எரியும் மின்பொறி, பிடிப்பதற்குள் ராடு ஒட்டிவிடும். போதாக்குறைக்கு, 50 ஹெர்ட்ஸ் ஏசியில் மின்னோட்டம் வினாடிக்கு 100 முறை பூஜ்யத்தைத் தொடுகிறது. ஒவ்வொரு முறையும் ஆர்க் அணைந்து மறுபடி பற்ற வேண்டும். வோல்டேஜ் குறைந்தால் மறுபடி பற்றுவதும் தடுமாறும்.

இந்தத் தடுமாற்றம் தொழில் தொடங்கிய காலத்திலிருந்தே உண்டு. ரஷ்யாவில் பெனார்டோஸ் 1880-களின் தொடக்கத்தில் கார்பன் குச்சியால் ஆர்க் அடித்தார். 1888-இல் ஸ்லாவியானோவ் கார்பனுக்குப் பதிலாக, தானே உருகி இணைப்பில் சேரும் உலோகக் கம்பியைப் பயன்படுத்தினார். ஆனால் வெறும் கம்பியில் ஆர்க் நிற்காது, உருகிய இரும்பு காற்றைப் பிடித்து நொறுங்கும். சுவீடனில் கப்பல் பாய்லர் பழுதுபார்ப்போடு தொடர்புடைய பொறியாளர் ஆஸ்கர் ஷெல்பெர்க் கம்பிக்கு மேல் தாதுப் பூச்சு கொடுத்தார். 1904-இல் அவர் தொடங்கிய நிறுவனம்தான் இன்றைய ஈசாப் வெல்டிங் கம்பெனி. நீங்கள் வாங்கும் 6013 ரக ராடின் பூச்சில் டைட்டானியமும் பொட்டாசியமும் இருப்பதும் இதற்காகத்தான். ஆர்க் அணையும் அந்தக் கணத்தில் வாயு மின்சாரத்தைக் கடத்தும் நிலையிலேயே இருந்தால், அடுத்த அரைச் சுற்றில் சட்டென்று பற்றிக்கொள்ளும். கைவேலை வெல்டிங்கில் பல பத்தாண்டுகளுக்கு மூளை முழுவதும் ராடின் பூச்சில்தான் இருந்தது. பெட்டி வெறும் இரும்பும் செம்பும்.

பெட்டிக்குள் மூளை வந்தது இன்வெர்ட்டரோடு. அது லைன் ஏசியை முதலில் டிசியாக்கும். அந்த டிசியை வினாடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டி, சின்ன டிரான்ஸ்ஃபார்மரில் விட்டு, மறுபடி டிசியாக்கி ராடுக்கு அனுப்பும். டிரான்ஸ்ஃபார்மருக்கு வேண்டிய இரும்பின் அளவு அதிர்வெண் கூடக் கூடக் குறையும். 50 ஹெர்ட்ஸுக்கு இரண்டு ஆள் சேர்ந்து நகர்த்தும் மிஷின் தேவைப்பட்ட வேலையை, தோளில் மாட்டும் 5, 6 கிலோ பெட்டி செய்வது இதனால்தான். அவ்வளவு வேகமாக, அவ்வளவு கரண்டை வெட்டும் சுவிட்சுகளில் முக்கியமானது ஐஜிபிடி. அதை 1980-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக்கில் உருவாக்கியவர் ஜெயந்த் பாலிகா. சென்னையில் பிறந்து, 1969-இல் ஐஐடி மெட்ராஸில் படித்து முடித்தவர். 2024-இல் பின்லாந்தின் மில்லேனியம் தொழில்நுட்பப் பரிசும் பெற்றார். நம் பட்டறைகளில் அவர் பெயரை யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

எடை குறைந்தது ஒரு லாபம் என்றால், அதைவிடப் பெரிய லாபம் வேகம். பழைய மிஷினில் ஹேண்டிலைச் சுற்றி 100 ஆம்பியர் வைத்தால், ராடு நுனியில் என்ன நடக்கிறது என்று மிஷினுக்குத் தெரியாது. இன்வெர்ட்டர் ஆர்க்கின் வோல்டேஜையும் கரண்டையும் இடைவிடாமல் பார்த்துத் திருத்திக்கொண்டே இருக்கும். பெட்டி மேல் எழுதியிருக்கும் பெயர்கள் எல்லாம் இந்தத் திருத்தலின் வகைகள்.

ஹாட் ஸ்டார்ட் என்றால் ராடு தொட்ட முதல் நொடியில் நீங்கள் வைத்ததைவிட அதிகக் கரண்ட் தருவது. ராடு உடனே பிடிக்கும். ஆன்டி ஸ்டிக் என்றால், ராடு ஒட்டி ஷார்ட் ஆனது தெரிந்ததும் கரண்டைச் சடாரென்று இறக்குவது. ராடு சிவந்து பூச்சு உதிராமல், திருகி எடுத்துவிடலாம். ஆர்க் ஃபோர்ஸ் வேறு விஷயம். வெல்டிங் நடுவே ராடு ரொம்ப நெருங்கினால் ஆர்க் வோல்டேஜ் குறையும். அப்போது ஒட்டிவிடாதபடி கரண்டைச் சற்றுக் கூட்டித் தள்ளும்.

இங்கேதான் உங்கள் 16 கேஜ் பைப்புக்கு ஒரு எச்சரிக்கை. கனமான ஆங்கிளுக்கு நல்லது செய்யும் ஹாட் ஸ்டார்ட், 1.6 மி.மீ. சுவரில் முதல் தொடுதலிலேயே ஓட்டை போடும். மலிவு மிஷின்களில் ஹாட் ஸ்டார்ட், ஆர்க் ஃபோர்ஸ் இரண்டையும் கம்பெனியே ஒரு அளவில் வைத்து மூடிவிடுவார்கள், குமிழ் இருக்காது. பைப் வேலைதான் அதிகம் என்றால், இரண்டையும் குறைக்கும் வசதியுள்ள மிஷினாகப் பாருங்கள். ஏற்கெனவே குமிழ் இல்லாததை வாங்கியிருந்தால், ஆர்க்கைப் பைப் மேல் ஆரம்பிக்காமல், ஏற்கெனவே போட்ட டேக் (பிடிப்புக்காக வைக்கும் சின்னப் புள்ளி வெல்டிங்) மேல் ஆரம்பித்து நகர்த்துங்கள்.

ஓட்டையை நிறுத்த இன்னொரு வழி காசில்லாமல் கிடைக்கிறது. இன்வெர்ட்டர் டிசி என்பதால் முன்னால் பிளஸ், மைனஸ் என்று இரண்டு சாக்கெட் இருக்கும். வாங்கிய நாளில் எதில் எது மாட்டியதோ அப்படியே வருடக்கணக்கில் ஓட்டுகிறவர்கள் நிறைய. 6013 ராடில் மெல்லிய பைப் அடிக்கும்போது ஹோல்டரை மைனஸிலும் எர்த் கிளாம்ப்பைப் பிளஸிலும் போடுங்கள். ராடு வேகமாக உருகும், ஆழம் குறையும். கனமான வேலைக்கு, குறிப்பாக 7018 ராடுக்கு, ஹோல்டர் பிளஸில் இருக்க வேண்டும். ராடின் அளவும் முக்கியம். 16 கேஜ் பைப்பில் 10 நம்பர் ராடு, அதாவது 3.15 மி.மீ., போட்டு அடித்தால் எந்த மிஷினும் காப்பாற்றாது. அதற்கே 90 ஆம்பியருக்குக் குறையாமல் வேண்டும். 12 நம்பர் ராடில், 2.5 மி.மீ., 60 ஆம்பியரை ஒட்டி ஆரம்பியுங்கள். இடைவெளியில்லாமல் பொருத்தி, மேலிருந்து கீழே இழுத்தால் பெரும்பாலான ஓட்டைகள் அங்கேயே நின்றுவிடும்.

சரி, பில் விஷயம். 100 ஆம்பியரில் ஆர்க் வோல்டேஜ் ஏறக்குறைய 24. ஆர்க்கில் போவது 2.4 கிலோவாட். எந்த மிஷினாக இருந்தாலும் அது போகத்தான் வேண்டும். இன்வெர்ட்டரில் உள்ளே வீணாவது குறைவு, ஆர்க் அடிக்காதபோது இழுப்பதும் குறைவு. மிச்சம் உண்டு, ஆனால் அது பாதி இல்லை. பெரிய வித்தியாசம் யூனிட்டில் அல்ல, லைனில் ஓடும் ஆம்பியரில். 50 வோல்ட் திறந்த சுற்று உள்ள பழைய மிஷின் 100 ஆம்பியர் தரும்போது 230 வோல்ட் லைனிலிருந்து 22 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். நல்ல இன்வெர்ட்டர் 17, 18 ஆம்பியரில் முடிக்கும். மெயின் ஃபியூஸ் போவதும் பக்கத்து வீட்டு பல்பு மங்குவதும் குறையும்.

இதில் ஒன்று கவனியுங்கள். லைன் இறங்கினால் இன்வெர்ட்டரும் ஒரு அளவுக்குத்தான் தாக்குப்பிடிக்கும். 230 வோல்ட் கூட்டல் கழித்தல் 15 சதவீதம் என்று போட்டிருந்தால், 195-க்குக் கீழே அது பொறுப்பேற்காது. உங்கள் ஊரில் 180 வருகிறது என்றால், 160 வோல்டிலும் ஓடும் என்று எழுத்தில் கொடுக்கும் மாடலைத் தேடுங்கள். சைட்டுக்குப் போகும்போது ஒயரும் இந்தக் கணக்கில் சேரும். 2.5 சதுர மி.மீ. செம்பு ஒயரை 50 மீட்டர் இழுத்து 20 ஆம்பியர் எடுத்தால் போகும் வழியிலேயே 15 வோல்ட் காணாமல் போகும். 4 சதுர மி.மீ. ஒயரில் இழப்பு 9 வோல்ட்தான்.

வி.ஆர்.டி என்பது பாதுகாப்புக்கானது. வெல்டிங் நடக்காதபோது ஹோல்டர் வோல்டேஜைத் தானாகவே 35 வோல்டுக்குக் கீழே, பல மிஷின்களில் இன்னும் குறைவாக, இறக்கி வைக்கும். ராடு தொட்டதும் பழையபடி ஏற்றிவிடும். பட்டறைக்குள் காய்ந்த தரையில் நின்று வேலை செய்யும் வரை அதன் அருமை தெரியாது. வியர்வையில் நனைந்த சட்டையோடு ஷெட் கூரை மேல் உட்கார்ந்தோ, தண்ணீர்த் தொட்டிக்குள் இறங்கியோ அடிக்க வேண்டிவந்தால் அது கட்டாயம் வேண்டும். ஆர்க் பிடிக்க ஒரு தட்டு அதிகம் தட்ட வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

பெட்டியில் கொட்டை எழுத்தில் இருக்கும் 200 என்ற எண்ணை நம்பி வாங்குவதுதான் எனக்குத் தெரிந்து அதிகம் பேர் ஏமாறும் இடம். பின்னால் ஒட்டிய தகட்டில் டியூட்டி சைக்கிள் இருக்கும். 10 நிமிடத்தில் எத்தனை நிமிடம் அந்த ஆம்பியரில் அடிக்கலாம் என்பது அதன் பொருள், அதுவும் 40 டிகிரி வெயிலில். 200 ஆம்பியர் 60 சதவீதம் என்றால் 6 நிமிடம் அடித்து 4 நிமிடம் ஓய்வு. தொடர்ந்து அடிக்க எவ்வளவு கிடைக்கும் என்று தோராயமாகப் பார்க்க, சதவீதத்தைப் பின்னமாக்கி (60 என்றால் 0.6), அதன் வர்க்கமூலத்தால் ஆம்பியரைப் பெருக்குங்கள்: இந்த மிஷினுக்கு 155 ஆம்பியர். அதே 200-ஐ 30 சதவீதத்துக்குப் போட்டிருந்தால் தொடர்ச்சியாக 110 ஆம்பியர்தான். உங்கள் வேலைக்கு அதுவும் போதும், ஆனால் அந்த விலைக்கு அதைத்தான் வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்க வேண்டும். தகட்டில் டியூட்டி சைக்கிளே இல்லாத மிஷினைத் தொடாதீர்கள்.

மூன்று வேலை ஒரே பெட்டியில் என்று விற்கும், ராடுக்குப் பதில் சுருள் கம்பியைத் தானாகத் தள்ளும் மிக் மிஷின் பற்றிக் கேட்கவில்லை, ஆனாலும் கடையில் காட்டுவார்கள். கேஸ் இல்லாமல் ஓடும், உள்ளே பூச்சு மருந்து அடைத்த ஃபிளக்ஸ் கம்பி மெல்லிய பைப்புக்கு நன்றாகவே இருக்கும், புகைதான் அதிகம். கம்பியைத் துளித் துளியாகப் பின்னிழுத்துப் போடும் நுட்பம் ஒன்று ஆஸ்திரியாவின் ஃப்ரோனியஸ் கொண்டுவந்தது, கார் தகடு ஒட்டுவதற்கு அற்புதம். கேட் பட்டறைக்கு அந்த விலை கட்டுப்படியாகாது.

மிச்சப் பணத்தில் ஆட்டோ டார்க் ஹெல்மெட் வாங்குங்கள் என்று நான் அழுத்தியே சொல்வேன். 1981-இல் சுவீடனில் ஸ்பீட்கிளாஸ் என்ற பெயரில் வந்தது இந்த யோசனை. ஆர்க் பிடித்த கணமே கண்ணாடி தானாக இருண்டுவிடும். நம் ஆட்கள் டேக் போடும்போதுதான் கிளாஸை விலக்கி ஓரக் கண்ணால் பார்த்து ராத்திரி தூங்க முடியாமல் தவிக்கிறார்கள். ஷேட், அதாவது கண்ணாடியின் இருட்டு அளவை, 10 அல்லது 11-இல் வைத்தால் உங்கள் வேலைக்குச் சரி.

பழைய மிஷினை விற்க வேண்டாம் என்றது இதற்காக: டிசி ஆர்க் கனமான மூலைகளில் காந்தப்புலத்தால் ஒருபக்கமாக அலைபாயும். ஏசியில் அந்தத் தொல்லை மிகக் குறைவு. அப்புறம், கிரைண்டர் பொடி பறக்கும் இடத்தில் ஆயில் மிஷின் அசைந்து கொடுக்காது. இன்வெர்ட்டரின் ஃபேன் அந்த இரும்புப் பொடியை உள்ளே இழுத்து போர்டில் படிய வைக்கும், ஷார்ட் ஆகும். கிரைண்டரிலிருந்து தள்ளி, கொஞ்சம் உயரத்தில் வையுங்கள். மாதம் ஒருமுறை பிளக்கைப் பிடுங்கி, ஒரு கால் மணி நேரம் விட்டு, ஈரமில்லாத காற்றை மெதுவாக ஊதுங்கள். உள்ளே கெப்பாசிட்டரில் 325 வோல்ட் வரை தங்கியிருக்கும், அதனால் மூடியைக் கழற்றும் வேலை மெக்கானிக்குக்கே.

வாங்கப் போகும்போது உங்கள் பைப் துண்டு ஒன்றும், 12 நம்பர் ராடு சிலவும், ஒரு கட்டு 10 நம்பர் ராடும், துண்டு ஆங்கிளும் எடுத்துப் போங்கள். பைப்பில் 60 ஆம்பியரில் அடித்துப் பாருங்கள். பிறகு ஆங்கிளில் 110 வைத்து, ராடு மாற்றும் நேரம் தவிர நிறுத்தாமல் அடியுங்கள். தகட்டில் சொன்ன நேரத்துக்கு முன்பே, சூடு கூடிவிட்டது என்று காட்டும் மஞ்சள் விளக்கு எரிந்து மிஷின் நின்றுவிட்டால், அடுத்த கடைக்குப் போகலாம்.