நல்ல காரியத்துக்குப் பணம் வேண்டுமென்றால் நேராகக் கொடுத்துவிடலாமே, எதற்காக ஓடியும் மலை ஏறியும் ஸ்பான்சர் கேட்கிறார்கள்?

கேள்வி நியாயமானதுதான். புற்றுநோய் ஆராய்ச்சிக்குப் பணம் தேவை, சரி. அதற்கு ஒருவர் 42 கிலோமீட்டர் ஓடி முழங்காலைக் கெடுத்துக்கொள்வானேன்?

நான் பிரிட்டனில் வேலை பார்க்கிறேன். இங்கே இது ஊர் வழக்கமாகவே ஆகிவிட்டது. அலுவலகத்தில் ஒருவர் மலை ஏறப் போகிறார், இன்னொருவர் மொட்டை அடித்துக்கொள்கிறார், நவம்பர் வந்தால் ஒரு கூட்டம் மீசை வளர்க்கிறது. ஆளுக்கொரு இணையப் பக்கம், "முடிந்ததைக் கொடுங்கள்" என்று ஒரு மின்னஞ்சல். லண்டன் மாரத்தானில் தொண்டு நிறுவனங்களே இடங்களை விலைக்கு வாங்கி வைத்திருக்கும். அப்படி ஓர் இடம் கிடைத்தால் சுமார் 2,000 பவுண்டாவது திரட்டித் தருவதாக ஒப்புக்கொள்ள வேண்டும். சொந்தப் பணத்தில் அவ்வளவு தர எத்தனை பேரால் முடியும்? ஊரைக் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

விஷயம் அங்கேதான் இருக்கிறது. கேட்பது கஷ்டம். திருப்பதிக்கு வேண்டிக்கொண்டவர்கள் மஞ்சள் துணி கட்டி வீடு வீடாக மடிப்பிச்சை எடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். அவர்களில் வசதியானவர்களும் உண்டு. மற்ற நாளில் பக்கத்து வீட்டில் ஒரு கரண்டி சர்க்கரை கேட்கவே கூசுகிறவர், வேண்டுதல் என்று வந்துவிட்டால் தயங்காமல் வாசலில் நிற்பார். உள்ளே இருப்பவர்களும் வெறும் கையோடு அனுப்ப மாட்டார்கள். ஸ்பான்சர் ஓட்டமும் எனக்கு அப்படித்தான் தெரிகிறது. நான் இவ்வளவு சிரமப்படப் போகிறேன், அதனால் உன்னிடம் கேட்கலாம் என்று ஓர் அனுமதி கிடைக்கிறது.

அப்பா டயாலிசிஸில் இருந்த காலத்தில் சிறுநீரக நோயாளிகளுக்கான ஒரு தொண்டு அமைப்புக்காக அரை மாரத்தான் ஓடினேன். அதற்கு முன் யாரிடமும் பத்து பவுண்ட் கேட்டதில்லை. ஓட்டத்துக்குப் பெயர் கொடுத்த பிறகு மேலாளர் முதல் மாடி வீட்டுக்காரர் வரை எல்லாரிடமும் கேட்டேன். கொடுத்தவர்களில் பலருக்குச் சிறுநீரகத்தைப் பற்றி ஒரு கவலையும் கிடையாது, எனக்காகத்தான் கொடுத்தார்கள். அடுத்த வருஷம் அவர்கள் ஏதாவது செய்தால் நான் கொடுக்க வேண்டும், அதுவும் கணக்கில் உண்டு. இன்னொன்றும் சொல்ல வேண்டும். மருத்துவமனையில் அப்பா பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்ததைவிட, விடியற்காலையில் எழுந்து ஓடியது மனசுக்கு ஆறுதலாக இருந்தது. ஓடுகிறவர்களின் முதுகைப் பாருங்கள், பாதிப் பேர் சட்டையில் யாரோ ஒருவரின் பெயரோ படமோ இருக்கும்.

சிரமம் கூடினால் கொடையும் கூடுகிறது என்பதை ஆய்வாகவும் காட்டியிருக்கிறார்கள். கிறிஸ்டோபர் ஒலிவோலா, எல்டார் ஷாஃபிர் என்ற இருவர் 2013இல் வெளியிட்டது. சொகுசான விருந்து மாதிரி ஒரு நிகழ்ச்சியைவிட, வலியும் உழைப்பும் உள்ள நிகழ்ச்சிக்குத்தான் மக்கள் அதிகம் கொடுக்க முன்வந்தார்கள். அதுவும், உதவி போய்ச் சேரும் இடத்தில் மனிதத் துன்பம் இருக்கும்போது இது இன்னும் பலமாகத் தெரிந்தது. பூங்கா அமைக்க யாரும் வெறுங்காலில் நடக்க வேண்டாம், பஞ்சத்துக்கு நடந்தால் மனசு ஒப்புக்கொள்கிறது.

"நேராகக் கொடுத்துவிடலாமே" என்பதற்கு டெர்ரி ஃபாக்ஸைத்தான் பதிலாகச் சொல்வேன். கனடாக்காரர். 1977இல், 18 வயதில், எலும்புப் புற்றுநோயால் வலது காலை முழங்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள். சிகிச்சையின்போது கூட இருந்த மற்ற நோயாளிகளைப் பார்த்தது அவரை விடவில்லை. மாணவர், கையில் என்ன இருந்திருக்கும்? 1980 ஏப்ரல் 12 அன்று கனடாவின் கிழக்குக் கரையில் உள்ள செயிண்ட் ஜான்ஸ் நகரில் செயற்கைக் காலை அட்லாண்டிக் கடலில் நனைத்துவிட்டு, புற்றுநோய் ஆராய்ச்சிக்குப் பணம் திரட்ட மேற்கு நோக்கி ஓடத் தொடங்கினார். கிட்டத்தட்ட தினமும் ஒரு மாரத்தான் தூரம். ஆரம்பத்தில் பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை. ஒன்டாரியோ மாகாணத்துக்குள் வந்தபோது சாலையோரம் முழுக்க ஜனம். 143 நாளில் 5,373 கிலோமீட்டர் ஓடியிருந்தார். தண்டர் பே அருகே மூச்சு முட்டி நின்றார், நோய் நுரையீரலுக்குப் போயிருந்தது. கனடியர் ஒவ்வொருவருக்கும் ஒரு டாலர் என்பது அவர் கணக்கு, அதாவது சுமார் 2.4 கோடி டாலர். 1981 பிப்ரவரியில் அது சேர்ந்துவிட்டது. அந்த ஜூனில் 22 வயதில் இறந்துபோனார். அவர் பெயரில் நடக்கும் ஓட்டம் சென்னை ஐஐடி வளாகம் வரை வந்திருக்கிறது.

இலங்கையில் 2011இல் ஒரு நடைபயணம் நடந்தது. தெற்கே தேவேந்திரமுனையிலிருந்து வடக்கே பருத்தித்துறை வரை, 27 நாள், சுமார் 670 கிலோமீட்டர், யாழ்ப்பாணத்துத் தெல்லிப்பழைப் புற்றுநோய் மருத்துவமனைக்காக. போர் முடிந்து இரண்டே வருஷம். 2016இல் அதையே திருப்பி, வடக்கிலிருந்து தெற்கே, காலி நகரின் கராப்பிட்டிய மருத்துவமனைக்காக நடந்தார்கள். காசோலை எழுதிக் கொடுத்திருந்தால் பணம் வந்திருக்கும், தெற்கத்திக்காரர்கள் யாழ்ப்பாணத்துக்கு நடந்து வந்திருக்க மாட்டார்கள்.

எல்லாச் சவாலும் இப்படி என்று சொல்ல மாட்டேன். ஸ்காட்லாந்தின் டேசைட் பகுதியில் தொண்டுக்காகப் பாராசூட்டில் குதித்துக் காயம்பட்டவர்களை ஐந்து வருஷம் கணக்கெடுத்து மருத்துவர்கள் 1999இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஒருவர் சராசரியாகத் திரட்டியது 30 பவுண்ட். தொண்டுக்குச் சேர்ந்த ஒவ்வொரு பவுண்டுக்கும் அரசு மருத்துவத்துக்கு ஆன செலவு 13.75 பவுண்ட்! காயம்பட்டவர்கள் பெரும்பாலும் முதல்முறை குதித்தவர்கள். கிளிமஞ்சாரோ ஏறுகிறேன், சீனப் பெருஞ்சுவரில் நடக்கிறேன் என்று வரும் சில திட்டங்களில் பயணச் செலவே திரட்டும் பணத்திலிருந்து போகும். அதனால் யாராவது அப்படிக் கேட்டு வந்தால், டிக்கெட் யார் காசு என்று நான் முதலில் விசாரிப்பேன். சொந்தக் காசு என்றால் அங்கேயே பணம் அனுப்பிவிடுவேன். நான் தரும் பணத்தில் என்றால், நன்றாகப் போய்வாருங்கள் என்று வாழ்த்திவிட்டு, அதே தொகையை அந்த அமைப்புக்கு நேராக அனுப்பிவிடுவேன், நீங்கள் சொல்வதுபோலவே.