ஆற்றல் சிக்கனக் கட்டடத்துக்கு நிறுவனமும் தொண்டமைப்பும் ஏன் கூட்டுச் சேர்கின்றன?

நிறுவனம் பணமும் பொறியியலாளரும் தரும். தொண்டமைப்பு ஊரை அறிந்து வேலையை நடத்தும். இதுதான் கூட்டு.

தேவை எங்கே வருகிறது? கட்டுபவர் ஒருவர், மின்கட்டணம் கட்டுபவர் இன்னொருவர். அதனால் மலிவான தகரக் கூரைதான் தெரிவாகும். மலிவென்று வாங்கிய பழைய நீர்ப்பம்பி மாதாமாதம் மண்ணெண்ணெய் குடிப்பது போலத்தான் இதுவும்.

இலங்கையின் வடக்கே உள்ள வன்னி வெயிலில் முக்கியமானது கூரை. நீளச் சுவர்கள் வடக்கையும் தெற்கையும் பார்க்கட்டும். காலை, மாலை வெயில் சாய்வாக விழுவதால் கிழக்கு, மேற்கு யன்னல்களே அறையைச் சூடாக்கும். கூரைக்கு வெள்ளைப் பூச்சு, உள்ளே சீலிங், இரண்டுக்கும் இடையில் காற்று வெளியேற வழி வேண்டும். அந்த வழியை அடைத்தால் சீலிங்கே சூடேறும். பிறகுதான் மின்விசிறி: சாதாரணமானது சுமார் 70 வாட், பிஎல்டிசி (தூரிகையில்லா மோட்டார்) வகை சுமார் 30 வாட்.

கிளிநொச்சி அறிவியல் நகரிலேயே யாழ் பல்கலைக்கழகப் பொறியியல் பீடமும் இலங்கை–ஜேர்மன் பயிற்சி நிறுவகமும் உள்ளன. கட்டடத்தின் வெப்பத்தையும் மின் அலகுகளையும் ஒரு வருடம் அளக்கும் வேலையை இந்த மாணவர்களுக்கே கூட்டு ஒப்பந்தத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். வேலை தேடும்போது காட்டக்கூடிய உண்மையான அனுபவம் அது. பராமரிப்புப் பணத்தையும் அதிலேயே எழுதுங்கள். பல திட்டங்கள் கையளிப்போடு நின்றுவிடுவது இது இல்லாததால்தான்.

சூரியப் படல் (சோலார் பேனல்) பூட்டினாலே சிக்கனக் கட்டடம் என்று பலர் நினைக்கிறார்கள். படல் மின்சாரம் தருமே தவிர, வீணாகும் மின்சாரத்தைக் குறைக்காது.