பிள்ளைக்கு ரத்தப் புற்றுநோய், பெற்றோருக்குத் தூக்கமில்லை: கேள்வி பதில்

குழந்தைகள் புற்றுநோய் வார்டில் பெற்றோருடன் பேசும் மனநல ஆலோசகரின் பதில்கள்.

கேள்வி: மேடம், மகனுக்கு ஆறு வயது. காய்ச்சல் என்றுதான் சொல்லி வைத்திருக்கிறோம். உண்மையைச் சொன்னால் பயந்துவிட மாட்டானா?

பதில்: நீங்கள் சொல்லாவிட்டாலும் உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறான்? இந்த வயதில் பல பிள்ளைகள், தாங்கள் செய்த தப்புக்குத் தண்டனைதான் இந்த ஊசி என்று நினைத்துக்கொள்வார்கள். "உன் ரத்தத்தில் சில அணுக்கள் சரியாக வேலை செய்யவில்லை, அதற்குத்தான் மருந்து. நீ எதுவும் செய்ததால் இது வரவில்லை." இவ்வளவு போதும். கடைசி வரியைத் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். "ஊசி வலிக்காது" என்று மட்டும் சொல்லாதீர்கள். சிகிச்சை இரண்டு, மூன்று வருடம் போகும். அத்தனை நாளும் அவன் உங்களை நம்பியாக வேண்டும். ஊசி போடும் இடத்தை மரத்துப்போகச் செய்யும் களிம்பு இருக்கிறது, ஒரு மணி நேரம் முன்பே தடவ வேண்டும். நர்ஸிடம் கேளுங்கள்.

கேள்வி: ஸ்டீராய்டு மாத்திரை ஆரம்பித்ததிலிருந்து மகள் கத்துகிறாள், ராத்திரி இரண்டு மணிக்குச் சோறு கேட்கிறாள். நேற்று அடித்துவிட்டேன் மேடம்.

பதில்: அந்த மாத்திரை பசியையும் கோபத்தையும் கிளப்பிவிடும். நிறுத்தியதும் மெல்லத் தணியும். ஆனால் நீங்களாக அளவைக் குறைக்கவே கூடாது, டாக்டரிடம் சொல்லுங்கள். அப்புறம், மகளிடம் போய் "அப்பா அடித்தது தப்பு" என்று சொல்லிவிடுங்கள்.

கேள்வி: அக்கா, பாத்ரூமில் போய் அழுகிறேன். மூன்று வாரமாகத் தூக்கமில்லை. செத்துவிடலாம் என்றுகூடத் தோன்றுகிறது.

பதில்: இதை எழுதினீர்களே, நல்லதம்மா. இன்றைக்கே வீட்டுக்காரரிடமும் பிள்ளையின் டாக்டரிடமும் இதே வார்த்தையில் சொல்லுங்கள். தனியாக இருக்காதீர்கள். 14416 என்பது டெலி மானஸ், அரசின் மனநல உதவி எண், இலவசம், ராத்திரியிலும் தமிழில் பேசலாம். அந்த எண்ணம் பலமாக வந்தால், மருத்துவமனையிலேயே இருப்பவர் நீங்கள், உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள். இது மனபலம் இல்லாததால் வருவதில்லை, சிகிச்சையில் சரியாகும். பிள்ளை எதிரில் கண்ணீர் வந்தாலும் பரவாயில்லை. "அம்மாவுக்கு வருத்தமா இருக்கு, உன்மேல கோபம் இல்ல" என்று சொல்லுங்கள்.

கேள்வி: மூத்தவன் பாட்டி வீட்டில் இருக்கிறான். தினமும் வயிற்றுவலி, பள்ளிக்குப் போவதில்லை.

பதில்: நடிப்பு என்று நினைக்காதீர்கள், ஒருமுறை டாக்டரிடம் காட்டிவிடுங்கள். பயமும் வயிற்றில் வலியாக வரும். தம்பியிடம் சண்டை போட்டதால்தான் இப்படி ஆனதோ, தனக்கும் ஒட்டிக்கொள்ளுமோ என்று உள்ளுக்குள் கேட்டுக்கொண்டிருப்பான். இரண்டும் இல்லை என்று நீங்களே சொல்லுங்கள். தினமும் பத்து நிமிடம் வீடியோ காலில் பேசுங்கள். அதில் தம்பி பேச்சே வேண்டாம், அவன் கதையை மட்டும் கேளுங்கள்.