கையில் 60,000 வெள்ளி (மலேசிய ரிங்கிட்) இருக்கிறது, பழைய டெரஸ் வீட்டைப் புதுப்பிக்கப் போதுமா?

கேட்டவர் கோலாலம்பூரில் செராஸ் பக்கம் 35 வருடப் பழைய ஒற்றை மாடி டெரஸ் வீடு, அதாவது வரிசை வீடு, வாங்கியிருக்கிறார். சமையலறை, இரண்டு பாத்ரூம், தரைக்கு டைல்ஸ், பெயிண்ட் இவ்வளவும் 60,000 வெள்ளிக்குள் முடியுமா, பட்ஜெட்டை எப்படிப் போடுவது என்று கேட்கிறார்.

முடியும். ஆனால் கண்ட்ராக்டரிடம் 60,000 என்று வாயைத் திறக்காதீர்கள். 48,000 என்று சொல்லுங்கள். மீதி 12,000 சுவருக்குள் இருக்கிற சமாச்சாரங்களுக்கு.

நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். 2022-ல் செந்தூலில் இதே மாதிரி ஒரு வீடு, அதே 60,000 பட்ஜெட். நானும் மனைவியும் உட்கார்ந்து சாமி மேடைக்கு வைக்கிற லைட் வரைக்கும் விலை எழுதிவிட்டோம். வேலை தொடங்கிய மூன்றாம் நாள் கண்ட்ராக்டர் போன் செய்தார். "அண்ணே, ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போங்க." போனால், பாத்ரூம் சுவரை உடைத்து எடுத்த இரும்புக் குழாய்த் துண்டு ஒன்றைக் கையில் கொடுத்தார். வெளியே நன்றாகத்தான் இருந்தது. கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்தால் உள்ளே சுற்றிலும் துரு, நடுவில் ஒரு பென்சில் நுழையும் ஓட்டை. "இந்த ஏரியாவிலேயே பிரஷர் கம்மி" என்று பழைய வீட்டுக்காரர் சொன்னதை நம்பிய எங்களை என்ன சொல்வது!

குழாய் முழுவதையும் மாற்ற 4,200. அடுத்து வயரிங். நான்கு பிளக் பாயிண்ட் கூடுதலாகப் போடலாம் என்றுதான் நினைத்திருந்தோம். வந்து பார்த்த வயர்மேன், இந்தப் பழைய வயரில் ஏர்கானும் வாட்டர் ஹீட்டரும் தாங்காது, ஹீட்டருக்குத் தனி லைன் வேண்டும் என்றார். 7,500. உடைத்த கல்லையும் மண்ணையும் அள்ளிப் போக ரோரோ தொட்டி (லாரியில் ஏற்றிப் போகும் பெரிய குப்பைத் தொட்டி) நான்கு தடவை, தடவைக்கு 450, ஆக 1,800. இதெல்லாம் நடக்கும்போது நாங்கள் குடியிருந்த இடத்துக்கு மாதம் 1,300 வாடகை, நான்கு மாதம், 5,200. வாடகை எங்கள் பட்டியலிலேயே இல்லை. மொத்தம் 18,700 கூடி 78,700-ல் வந்து நின்றது. வீட்டுக்கு வந்த ஒருவர்கூட இந்த 18,700-ஐப் பார்த்திருக்க முடியாது. எல்லாரும் கேபினட்டைத்தான் தடவிப் பார்த்தார்கள்.

அதனால் வரிசையை மாற்றிப் போடுங்கள். முதலில் கூரை ஒழுகல், குழாய், வயரிங், கரையான், பாத்ரூம் வாட்டர்புரூஃபிங். இவற்றுக்கு விலை தெரிந்த பிறகு மிச்சம் இருப்பதுதான் டைல்ஸுக்கும் கேபினட்டுக்கும். வீட்டுச் சாவி கையில் வந்ததும் வயர்மேனை ஒரு தடவை, பிளம்பரை ஒரு தடவை காசு கொடுத்தே கூட்டிப் போய்க் காட்டுங்கள். வயரிங் செய்கிறவர் எரிசக்தி ஆணையத்தில் பதிவு பெற்றவரா என்று கேட்கத் தயங்காதீர்கள்.

கோட்டேஷன் மூன்று வாங்குங்கள். அடியில் இருக்கிற மொத்தத் தொகையை மட்டும் பார்க்காமல் எதில் என்ன விட்டுப்போயிருக்கிறது என்று பாருங்கள். எனக்கு வந்ததிலேயே குறைந்த விலைக் கோட்டேஷனில் குப்பை அள்ளுவது இல்லை, பழைய டைல்ஸ் உடைப்பதும் இல்லை. பழைய தரை மேலேயே புது டைல்ஸ் ஒட்டுவதாகக் கணக்கு. அப்படி ஒட்டினால் தரை உயரும், கதவையெல்லாம் அடியில் சீவ வேண்டும். அதுவும் அதில் இல்லை.

கோட்டேஷனில் டைல்ஸ் பற்றி எழுதுகிற இடத்தில் இன்னொரு தந்திரம் நடக்கும். "டைல்ஸ் உட்பட" என்று எழுதி, பக்கத்தில் சின்னதாக, சதுர அடி 4 வெள்ளி வரை என்று போட்டிருப்பார்கள். உங்கள் ஹால் 20-க்கு 12 என்றால் 240 சதுர அடி. வெட்டுச் சேதத்துக்குப் பத்து சதவீதம் கூட்டினால் 264. கடையில் உங்களுக்குப் பிடிக்கப்போவது 9 வெள்ளி டைல். சதுர அடிக்கு 5 வெள்ளி கூடுதல், ஹாலுக்கு மட்டும் 1,320 வெள்ளி கைவிட்டுப் போகும். ஆகவே முதலில் கடைக்குப் போய் டைல்ஸைப் பார்த்துவிட்டு, அப்புறம் கோட்டேஷன் கேளுங்கள்.

சமையலறையைப் பின்பக்கம் இழுத்துக் கட்டும் ஆசை இருந்தால் கோலாலம்பூர் மாநகர் மன்ற அனுமதி, வரைபடம் என்று அது தனிச் செலவு, தனிக் காலம். 60,000-க்குள் அதைத் திணிக்க வேண்டாம்.

பணம் கொடுப்பதில் நான் கறார். அட்வான்ஸ் பத்து சதவீதம், பிறகு வேலை முடிய முடிய, கடைசிப் பத்து சதவீதம் கையில். பாத்ரூம் தரையில் ஒரு நாள் தண்ணீர் தேக்கி வைத்துப் பார்க்கவும், கூரைக்கு நல்ல மாலை மழை ஒன்று பெய்யவும் காத்திருந்துதான் அதைக் கொடுத்தேன். கண்ட்ராக்டர் முகம் சுளித்தார். சுளிக்கட்டும். நடுவில் நீங்கள் கேட்கிற கூடுதல் வேலைக்கெல்லாம் அன்றே விலையை வாட்ஸ்அப்பில் எழுதி வாங்குங்கள். தகராறு என்று வந்தால் 50,000 வெள்ளி வரையான கோரிக்கையைப் பயனீட்டாளர் தீர்ப்பாயம் விசாரிக்கும். எழுத்தில் ஒன்றும் இல்லாமல் அங்கே போய் என்ன காட்டுவீர்கள்?

ஊழியர் சேமநிதியில் (இபிஎஃப்) 2024 மே மாதத்திலிருந்து எப்போது வேண்டுமானாலும் எடுக்கிற மாதிரி மூன்றாவது கணக்கு இருக்கிறதே என்று சிலர் சொல்வார்கள். அதைப் பட்ஜெட்டில் எழுதாதீர்கள். எழுதினால் டைல்ஸ் கடையில் நிற்கும்போது கை சும்மா இருக்காது.

தீபாவளிக்குள் குடி போக வேண்டும் என்று நாளும் குறிக்காதீர்கள். அவசரத்துக்கு விலை உண்டு, சீனப் புத்தாண்டை ஒட்டி ஆளும் கிடைக்க மாட்டார்கள்.

காசு போதாமல் எங்கள் பின் அறைக்கு டைல்ஸ் போடவே இல்லை. பழைய சிமெண்ட் தரைதான், பிறகு பார்க்கலாம் என்று விட்டோம். இப்போது போடலாம் என்றால் அம்மா விடுவதில்லை. மத்தியானம் படுக்க அந்தத் தரைதான் சில்லென்று இருக்கிறதாம்.